வியூதாவின் இறந்தகாலம்

லிஃப்ட் ரிப்பேர்க்காரரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விதவையானாள். அப்போது லிஃப்ட்காரர் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஸ்பானிஷ் டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னாள். அன்றைய பாடம் எஸ்தாதோ சிவில். அதாவது ஒருவர் கல்யாணமானவரா, ஆகாதவரா, ஆகிப் பிரிந்தவரா என்று சொல்லும் சொற்கள். 'சிவில்' என்றதும் லிஃப்ட்காரர், தனக்கு அது ஒத்துவராது, தான் மெக்கானிக்கல் என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. வயதில் சின்னவள், கறாரில் பெரியவள். சீட்டில் என்ன வருகிறதோ அதுதான் கோர்ஸ் முடியும்வரை உங்கள் நிலைமை, வீட்டுக் கதையை இங்கே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

லிஃப்ட்காரருக்கு 'சொல்தேரோ' வந்தது. கல்யாணமாகாதவர். மனைவிக்கு 'வியூதா', விதவை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே பல் பிடுங்கும் இடுக்கியைத் தூக்கிக்கொண்டு வாயைத் திற என்கிற பல் டாக்டரம்மாவுக்கு 'திவோர்சியாதா' வந்து, ஒரே நொடியில் கல்யாணமும் ஆகி விவாகரத்தும் ஆகிவிட்டது. ஓய்வுபெற்ற பேங்க் காஷியர் 'கஸாதோ', கல்யாணமானவர், ஆனார். அவர் சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டுச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"மாத்தித் தரக் கூடாதா டீச்சர்? நாங்க புருஷன் பொண்டாட்டி" என்று லிஃப்ட்காரர் கேட்டுப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியும் சார். ஸ்பானிஷுக்குத் தெரியாது" என்றாள் டீச்சர்.

இந்த வயதில் இவர்கள் ஏன் பெஞ்சில் போய் உட்கார வேண்டும் என்றால், மகன்தான் காரணம். வேலைக்கென்று கடல் தாண்டிப் போனவன் அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். பெண் தங்கம். ஆனால் அவளுடைய அப்பா அம்மாவுக்கு ஸ்பானிஷை விட்டால் வேறு பாஷை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீட்டாரும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேசுவார்கள் என்பது ஒரு மரியாதைக்கு. இந்தப் பக்கம் பல்லைக் காட்டும், அந்தப் பக்கமும் பல்லைக் காட்டும், கன்னம் வலிக்க ஆரம்பித்ததும் கையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். போனை நிறுத்தும் ஸ்டாண்ட் உடைந்துவிட்டதால், மனைவியை சோபாவில் உட்காரவைத்து லிஃப்ட்காரர்தான் எதிரே நின்று போனைப் பிடித்துக்கொள்வார். அதனால் சம்பந்தி வீட்டாருக்கு அவருடைய கட்டைவிரல் மட்டும் நல்ல பழக்கம்.

ஆரம்பத்தில் வகுப்பு அவருக்கு இனிப்பாகத்தான் இருந்தது. சம்பந்திக்கு ஸ்பானிஷில் தனியாக ஒரு சொல் இருக்கிறது, சகலைக்குக்கூட இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பாஷைமேல் மரியாதை வந்துவிட்டது. சகலையை மதிக்கிற ஜனங்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள் என்றார். 'இருக்கிறேன்' என்று சொல்ல அவர்களிடம் இரண்டு வினை உண்டு. செர் என்று ஒன்று, எஸ்தார் என்று ஒன்று. எது எங்கே என்று டீச்சர் எவ்வளவு விளக்கியும் வகுப்புக்கு ஏறாதபோது, லிஃப்ட்காரர்தான் எழுந்து வழி சொன்னார்.

"கட்டடம் எங்கயும் போகாது. அது செர். லிஃப்ட் இப்ப எந்த மாடியில நிக்குதோ, அது எஸ்தார்."

டீச்சர் அதை அப்படியே போர்டில் எழுதிப்போட்டாள். "கல்யாணமானவர்ங்கறதுக்குப் பெரும்பாலும் எஸ்தார்தான் போடணும்" என்றாள்.

"ஏன், கல்யாணம் கட்டடம் இல்லையா?" என்று இவர் கேட்டார்.

"இல்ல, மாடி" என்றாள் மனைவி.

அவளுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று அவருக்கே அன்றுதான் தெரியும். வீட்டில் அவள் தையல் வேலை செய்கிறவள். வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும், அதனால் பேச்சு குறைவு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் குண்டூசி இல்லை. வியூதாவுக்கு ஆண்பால் வியூதோ என்று சொல்லிவிட்டு, மனைவியை இழந்தவருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று டீச்சர் கேட்டாள். வகுப்பு முழித்தது. அகராதியில் ஏதாவது இருக்கலாம், யார் வாயிலும் இல்லை.

"பொண்டாட்டி செத்துட்டா அவரை என்னன்னு கூப்பிடுவோம்?" என்று டீச்சர் மறுபடி கேட்டாள்.

"ஒண்ணும் கூப்பிட மாட்டோம். அடுத்தது எப்பன்னு கேப்போம்" என்றாள் மனைவி.

பல் டாக்டரம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். லிஃப்ட்காரரும் சிரித்துவைத்தார். காஷியர் மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்கல் இறந்தகாலத்தில் தொடங்கியது. சொல்தேரோவுக்கு நிகழ்காலம் போதும். நான் தனியாக வசிக்கிறேன், நான் முட்டை வேகவைக்கிறேன், என் சட்டையை நானே துவைக்கிறேன் என்று பொய்யாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். வியூதாவின் பாடு அப்படி இல்லை. செத்துப்போன புருஷனைப் பற்றி நிகழ்காலத்தில் பேசினால் பேய்க்கதை ஆகிவிடும். அதனால் டீச்சர் வகுப்பு முடிந்த பிறகு அவளையும் பல் டாக்டரம்மாவையும் உட்காரவைத்து இறந்தகாலம் சொல்லிக்கொடுத்தாள். செத்தவருக்கு இறந்தகாலம். தமிழில் பெயரே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். மனைவியின் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் காத்திருப்பது உயிரோடிருக்கிறவரின் வேலையாயிற்று.

அடுத்த வாரம் அவள் வகுப்பின் முன்னால் போய் நின்றாள். 'மி மரிதோ' என்று ஆரம்பித்தாள். என் புருஷன். அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் காதில் விழுந்ததெல்லாம் ஆபா, ஆபா, ஆபா. எந்த வினைச்சொல்லைத் தொட்டாலும் வாலில் ஒரு ஆபா. நடுவே 'அசென்சோர்' என்று வந்தது. அது லிஃப்ட், அவருக்குத் தெரியும். வகுப்பு சிரித்தது. மறுபடி நிறைய ஆபா வந்தது, சிரிப்பு நின்றுபோயிற்று. பல் டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினாள். முன்வரிசையில் வேகமாகப் படிக்கிற இளசுகள் இரண்டு பேர் திரும்பி லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். பிறகு எல்லோருமே பார்த்தார்கள். அந்தப் பார்வை பரிதாபப்படுகிறதா திட்டுகிறதா என்று அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டார். "என்ன சொன்னே அங்க?"

"எதை?"

"அந்த ஆபா ஆபா."

"அது என் செத்துப்போன வீட்டுக்காரரைப் பத்தி. உங்களுக்கு எதுக்கு?"

"நான்தானே அது?"

"நீங்க சொல்தேரோ. தனியா இருக்கீங்க, முட்டை வேகவைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று லிஃப்ட்காரர் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது ஊர் பேர் தெரியாத ஒரு வகுப்புக்கே அது தெரியும், தனக்கு மட்டும் தெரியாது என்றால் எப்படித் தூக்கம் வரும்? போதாக்குறைக்கு, செத்துப்போன தன்மேல் அவருக்குப் பொறாமை வேறு வந்தது. அந்த ஆளைப் பற்றி அவள் கையை ஆட்டி, கண்ணை விரித்துப் பேசுகிறாள். உயிரோடிருக்கிற இவரிடம் உப்பு போதுமா என்பதோடு சரி.

முதலில் பல் டாக்டரம்மாவைப் பிடிக்கலாம் என்று, வலிக்காத பல்லை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவளுடைய ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் கேள்வியைத் தொடங்குவதற்குள் அவள் வாய்க்குள் பஞ்சையும் குழாயையும் திணித்துவிட்டாள்.

"இங்க மட்டும் வாயை நல்லா திறக்கறீங்க" என்றாள். "வீட்ல திறந்தா என்னவாம்?"

அவர் 'ஆ' என்றார். அதற்கு மேல் அந்த நாற்காலியில் எதுவும் சொல்ல முடியாது. பல்லெல்லாம் சுத்தம் செய்து அனுப்பிவைத்தாள், விஷயத்தைச் சொல்லவில்லை.

டீச்சரிடம் கேட்டார். சொல்தேரோவுக்கு இறந்தகாலம் அடுத்த கோர்ஸில்தான் என்று அவள் கையை விரித்துவிட்டாள். பிறகுதான் காஷியர் ஞாபகம் வந்தது. மனிதர் இதே கோர்ஸை மூன்றாவது தடவையாகப் படிக்கிறார் என்று கேள்வி. வகுப்புக்கு வெளியே தண்ணீர்க் குழாய் அருகில் அவரை மடக்கினார்.

"எனக்கு அது தெரியாதுங்க" என்றார் காஷியர்.

"மூணு தடவை படிச்சிருக்கீங்களே சார்."

"அதனாலதான் தெரியாது. அடுத்த கோர்ஸுக்குப் போனா முழுக்க இறந்தகாலம்தான்." காஷியர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். "முன்னே ரெண்டு தடவையும் வேற வேற சீட்டு வந்துச்சு. இந்தத் தடவைதான் கஸாதோ. மி முஹேர் காந்தா. என் மனைவி பாடறா. போன வாரம் நான் அதைச் சொன்னப்ப டீச்சர் 'சரி'ன்னாங்க. அவ போயி ரொம்ப நாளாச்சுங்க. வீட்ல யார்கிட்டயாவது பாடறான்னு சொன்னா என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க. இங்க சரின்னாங்க."

லிஃப்ட்காரருக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பழக்கமில்லாததால் அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு வந்தார்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அவரே ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கினார். வீட்டில் படித்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து படித்தார். எண்ணெய்க் கையோடு ஒரு பக்கம் திருப்புவார், கம்பிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டு உரக்க ஒப்பிப்பார். நான் இருந்தேன், நீ இருந்தாய், அவர் இருந்தார். ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் யாரோ வெளிநாட்டுக்காரர் செத்து ஆவியாக அலைகிறார் என்று பேச்சு கிளம்பி, மேல்மாடிக்காரர்கள் மூச்சு வாங்கப் படியேறிப் போனார்கள். எது எப்படியோ, ஆபா என்பது இறந்தகால வினையின் வால் என்று முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. தமிழில் பேசினேன் என்றால் நான், பேசினார் என்றால் அவர். இந்த ஆபாவில் இரண்டுக்கும் ஒரே வால். யார் பேசினார்கள், யார் பேசாமல் இருந்தார்கள் என்பதை முன்பின் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அவர் விடாப்பிடியாகப் பிடித்தார்.

படித்து முடித்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகனும் அந்தப் பெண்ணும் கல்யாணத் துணி எடுக்கப் போயிருந்ததால் சம்பந்தி தம்பதி மட்டும் போனில் வந்தார்கள். லிஃப்ட்காரர் வழக்கம்போல எதிரே நின்று போனைப் பிடித்துக்கொண்டார். மனைவி ஸ்பானிஷில் நலம் விசாரித்ததும் அந்தப் பக்கம் ஒரே குதூகலம். தையல் வேலையைச் சொன்னாள், மகனைப் பெருமையாக நாலு வார்த்தை சொன்னாள். சம்பந்தியம்மா சந்தோஷத்தோடு அடுத்த கேள்வியைக் கேட்டாள். உங்கள் வீட்டுக்காரர்?

நாக்கு பழகின தடத்தில் போய்விட்டது. "சோய் வியூதா" என்றாள். நான் விதவை.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு போனுக்கு மேலே லிஃப்ட்காரரைப் பார்த்தாள். அதற்குள் சம்பந்தியம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். போப்ரேசிதா, போப்ரேசிதா என்றாள். ஐயோ பாவமே என்று அர்த்தம். மாப்பிள்ளைப் பையன் தன் அப்பா போனதை எங்களிடம் சொல்லவே இல்லையே என்று மாய்ந்துபோனாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரலில், அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள்.

லிஃப்ட்காரர் அந்த இடத்திலேயே இதை நிறுத்தியிருக்கலாம். தலையைக் கொஞ்சம் நீட்டினால் போதும், எல்லாம் சிரிப்பாய்ப் போயிருக்கும். மகன் கல்யாணமே கெட்டுவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. ஆனாலும் அவர் நகரவில்லை, போனை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொல்லத் தொடங்கினாள்.

இம்முறை ஆபாக்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

என் புருஷன் நல்லவராக இருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்தார். காலையில் போனார், இருட்டியபின் வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். வீட்டில் அவர் பேசவில்லை. பேசத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தைத்த துணியைக் கொடுக்க ஒரு கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும்தான், விளக்கும் போய்விட்டது. அழுதேன். அப்போது கதவுக்கு வெளியே, பயப்படாதீங்க, நான் வந்துட்டேன் என்று ஒரு குரல். அது அவர் என்று எனக்குத் தெரிந்தது. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. உங்க பேர் என்னங்க என்று கேட்டார். வெட்கமாக இருந்தது, வேறு ஏதோ பெயரைச் சொல்லிவிட்டேன். என்ன வேலை செய்றீங்க என்றார், நாள் முழுக்கத் தைத்தால் கை நோகாதா என்றார். சின்ன வயதில் தான் ஒரு அலமாரிக்குள் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். அதை நான் கேட்டதே இல்லை. எவ்வளவு அழகாகப் பேசினார்! லிஃப்ட் சரியாகாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் அவர் வேலையில் கெட்டிக்காரர். கதவு திறந்தது. என்னைப் பார்த்தார். அட, நீயா என்றார். தன் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டார்.

அந்த நாள் லிஃப்ட்காரருக்கு ஞாபகம் இருந்தது. லிஃப்டின் மின்பெட்டியில் எந்த ரிலே கருகியிருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. உள்ளே இருந்தவளோடு என்ன பேசினார் என்பதுதான் ஞாபகம் இல்லை. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரிடமும் அவர் அப்படித்தான் பேசுவார், அது வேலையில் பாதி. அவருக்கு வெட்கமாக இருந்தது. போன் ஆடியது. சம்பந்தி வீட்டார் பார்வையில் அழுதுகொண்டிருந்த வியூதா மேலும் கீழும் குலுங்கினாள்.

அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. போனோடு சுற்றி வந்து அவள் பக்கத்தில் முகத்தை நீட்டினார். விஷயத்தை விளக்கத்தான் வாயைத் திறந்தார். வந்ததோ பாடம். "சோய் சொல்தேரோ" என்றார். நான் கல்யாணமாகாதவன்.

சம்பந்தியம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. விதவையின் சோபாவில் இந்தக் கல்யாணமாகாத ஆள் யார் என்று அவள் புருவம் உயர்ந்தது. அவளுடைய கணவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"நோ, நோ" என்று லிஃப்ட்காரர் கையை ஆட்டினார். மூளையில் அப்போதுதான் ஏற்றிவைத்திருந்த சரக்கு முந்திக்கொண்டது. "யோ எரா எல் மரிதோ." நான் புருஷனாக இருந்தேன்.

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். ஸ்பானிஷில் அல்ல.

"இலக்கணம் சரியாத்தான் இருக்கு" என்றாள். "எங்க படிச்சீங்க?"

"லிஃப்ட் மேல."

"அப்ப நான் சொன்னதெல்லாம்..."

"புரிஞ்சுது."

அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். "உட்காருங்க. போனைத் தையல் மெஷின்ல சாய்ச்சு வைங்க. அவங்க பாவம், பயந்துபோயிருக்காங்க. ஏதாவது பேசுங்க."

"என்ன பேசறது?"

"அவங்ககிட்ட இல்ல. என்கிட்ட."

லிஃப்ட்காரர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எத்தனையோ பேரிடம் பேசியவர்தான். கதவே இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் முதல் பாடம்தான் கைகொடுத்தது.

"கோமோ சே யாமா உஸ்தேத்?" என்று கேட்டார். உங்கள் பெயர் என்ன?

போனில் சம்பந்தியம்மா தன் கணவரின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கண்ணெதிரே ஒரு பெண் பார்க்கும் படலம் நடப்பதாக அவர்கள் இருவரும் முடிவுகட்டிவிட்டது தெரிந்தது. மூச்சுகூட விடாமல் பார்த்தார்கள். மனைவி அவசரப்படவில்லை. இந்தத் தடவையும் ஏதாவது பொய்ப்பெயர் சொல்லலாமா என்று யோசிப்பவள்போல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை இந்தா என்றும் ஏய் என்றும் இங்கே பார் என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். அவள் சொன்ன பெயரை அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். வாய் பழகாததால் நடுவில் கொஞ்சம் தடுக்கியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அவள்.